தம்பி தலையில் அக்காள் கை

தணிகாசலத்தின் கையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெடித்திருக்கும். உழவர்கரையில் ஏர் ஓட்டிய குடும்பம். பங்காளிகளோடு நடந்த வழக்கில் நிலம் போனபிறகு கொத்தனார்களுக்குக் கையாளாகப் போனார். கலவை சுமந்து அலுத்துப்போய் வெள்ளையடிக்கிற நார்மட்டையைப் பிடித்துக்கொண்டார். புதுச்சேரியில் வெள்ளைக்காரர் தெருக்களில் மஞ்சள் மதிலும் வெள்ளைக் கரையும் பார்க்கிறோமே, அதில் பாதிக்கு அவர் ஏணி சாத்தியிருப்பார். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம். எந்தச் சுவரானாலும் முதலில் ஒரு ஓரத்தைக் கொத்துக்கரண்டியால் சுரண்டிப் பார்ப்பார். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் மேலே பூசமாட்டார். மேஸ்திரி கத்தினாலும் சரி, வீட்டுக்காரர் முறைத்தாலும் சரி.

பேச்சு குறைவு. வாயைத் திறந்தால் வெடுக்கென்று வரும். அவர் யாரையும் கொஞ்சிப் பார்த்தவர்கள் கிடையாது, ஒருத்தனைத் தவிர. அந்த ஒருத்தன் அவருடைய மகன் சின்னக்கண்ணு.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொடி இறங்கியதும் எல்லா வெள்ளைக்காரரும் கப்பல் ஏறிவிடவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கடலோரத் தெருவில் பெண்சாதியோடு இருந்தார். அவர் வீட்டுக்கு உள்ளும் புறமும் வெள்ளையடிக்கிற வேலை தணிகாசலத்துக்குக் கிடைத்தது. மத்தியானச் சோற்றைக் கூடையில் வைத்துக்கொண்டு சம்சாரம் அஞ்சலாட்சி வருவாள். பின்னாலேயே பிள்ளைகள் இரண்டும் வரும். மூத்தவள் ஆதிலட்சுமிக்கு ஆறு வயது. சின்னக்கண்ணுக்கு நாலு.

அந்த வீட்டு மதாமுக்குப் படம் போடுகிற கிறுக்கு. பெட்டி நிறையக் கலர் சாக்குக்கட்டி வைத்திருந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் சைகை காட்டி அஞ்சலாட்சியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பின்கட்டு வேப்பமர நிழலில் நிறுத்தினாள். ஆதிலட்சுமி நின்றாள். சின்னக்கண்ணு நிற்கவில்லை, குந்திக்கொண்டான். அவன் எப்போதும் அப்படித்தான். நாலு தப்படி ஓடினால் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி மூச்சு வாங்குவான். சோம்பேறிப் பயல், தாத்தனைக் கொண்டிருக்கிறான் என்று அஞ்சலாட்சி சொல்லிச் சிரிப்பாள். ஏணிமேல் இருந்தபடியே தணிகாசலம், எழுந்து நில்லடா என்று அதட்டினார். மதாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கொஞ்சநேரம் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காளின் கையை எடுத்துத் தம்பி தலைமேல் வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தாள்.

வெள்ளையடித்து முடிகிற வரைக்கும் மத்தியானத்தில் இந்தக் கூத்து நடந்தது. கண்ணைச் சுருக்குவாள், பின்னால் போவாள், முன்னால் வருவாள், இரண்டு இழுப்பு இழுப்பாள். கோடு என்று ஒன்றைக் கிழித்து அவர் பார்க்கவில்லை. எல்லாம் அப்பல்தான்.

மறுவருஷம் வாத்தியாரும் மதாமும் தங்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஆளை அனுப்பித் தணிகாசலத்தை வரச்சொன்னாள் மதாம். பையனையும் கூட்டிக்கொண்டு போனார். படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வேகவேகமாக என்னவோ சொன்னாள். மொழி தெரிந்த சமையல்காரன் சாமான்களோடு முன்னாலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தான். ஆனாலும் அவள் விடவில்லை. சின்னக்கண்ணுவைக் காட்டினாள். தன் உதட்டை விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டினாள். பையன் சாப்பிட்டானா என்று கேட்கிறாள் என்று இவருக்குப் பட்டது.

"சாப்பிட்டான் மதாம். வயிறு முட்டச் சாப்பிட்டுத்தான் வந்தான்" என்று வயிற்றைத் தடவிக் காட்டிக் கும்பிட்டார்.

அவள் கொஞ்சம் நின்றாள். அப்புறம் பையன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது பக்ருதீன். பெரிய கடைத்தெரு ஓரத்தில் அவர் கடை. முருகன், மாதா, கலியாணப் போட்டோ எதுவானாலும் சட்டம் போடுவார், தன் வீட்டுச் சுவரில் மட்டும் ஒரு படமும் மாட்டமாட்டார். தணிகாசலம் பிரித்துக் காட்டியதும் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கிட்ட வச்சா மழையில நனைஞ்ச சந்தைக்கடை மாதிரி இருக்கு. எட்ட வச்சா உம் புள்ளைங்க வந்து நிக்குதுப்பா" என்றார். பிறகு கண்ணாடி போட்டு, முதுகில் அட்டை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். "இது சாக்குப்பொடி. கண்ணாடியத் தொறந்து கை வச்சே, உன் சுண்ணாம்பாட்டம் உதுந்துடும்."

வீட்டில் மாட்டியதும் அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்தது. படத்தில் ஆதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவள் பாவாடையோடு சாய்ந்து சின்னக்கண்ணு குந்தியிருந்தான். அவன் தலையில் அவள் கை. பாவாடை எங்கே முடிகிறது, பையன் தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் சொல்லமுடியாது. ஆனால் அது அவர்கள்தான், சந்தேகம் இல்லை. ஒன்று மட்டும்தான் எல்லாருக்கும் இடித்தது. பிள்ளைகள் மேல் நீலம். ஆதிலட்சுமி கழுத்திலும் கன்னத்தோரத்திலும் நீலம். சின்னக்கண்ணுக்கு முகம், உதடு, விரல் எல்லாம் நீலம்.

"இன்னா அஞ்சல, புள்ளைங்களுக்குக் கிருஷ்ணன் வேசம் கட்டி உட்டிருக்கா வெள்ளக்காரி?" என்று பக்கத்து வீட்டு வீராயி கேட்டாள்.

அதற்குத் தணிகாசலம் விளக்கம் வைத்திருந்தார். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்தால்தான் வெள்ளை எடுக்கும். அதுபோல நம் கறுப்பை எடுத்துக் காட்ட அவளும் நீலம் போட்டிருக்கிறாள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து வீராயி அன்றுதான் பார்த்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி அடைமழையில் சின்னக்கண்ணுவுக்குச் சளி கட்டியது. மூச்சு இழுத்தது. தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் பையனை ஜன்னல் வெளிச்சத்தில் கிடத்தி உதட்டை விரலால் மடக்கிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இப்படி நீலம் பாய்ந்து எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டார். புருஷனும் பெண்சாதியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஓடினால் குந்திக்கொள்வானா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அஞ்சலாட்சி. பிறவியிலேயே நெஞ்சுக்குள் ஓட்டை, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து ஓடுகிறது, முன்னாலேயே வந்திருந்தால் மதராஸுக்கோ வேலூருக்கோ எழுதிப் பார்த்திருக்கலாம் என்றார். பையன் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அஞ்சலாட்சி படத்தின் எதிரில் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"அவ பாத்துட்டா" என்றாள் கடைசியில். "குந்தறதப் பாத்துருக்கா, நீலத்தப் பாத்துருக்கா. ஒண்ணு விடாம எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. நாமதான் கிருஷ்ணன் வேசம்னு சிரிச்சோம்."

தணிகாசலமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அதோடு நிற்கவில்லை. எழுந்து படத்தின் கிட்டே போய் ஆதிலட்சுமியின் கழுத்தில் விரலை வைத்தாள். "இதுவும் நீலந்தான்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பொழுது விடிவது ஒரே மாதிரிதான். ஆதிலட்சுமியை வாசலுக்கு இழுத்துவந்து, உதட்டை மடக்கிப் பார்ப்பாள், நகத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. இன்றைக்கு இல்லை என்பாள். ஓடாதே, குதிக்காதே, குடம் தூக்காதே. பள்ளிக்கூடம் தூரம் என்று அதையும் நிறுத்திவிட்டாள். தணிகாசலம் மகளை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டு அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தாள். நல்லாயிருக்கிறான் என்று ஊரே சொன்ன பிள்ளைதானே போனான், மதாம் ஒருத்திக்குத்தானே தெரிந்தது என்றாள்.

படத்தை என்ன செய்வது என்றும் விளங்கவில்லை. செத்த பிள்ளையின் படம் என்றால் பொட்டு வைக்கவேண்டும், பூப் போடவேண்டும், விளக்கு வைக்கவேண்டும். அதே படத்தில் உயிரோடு ஒருத்தி நிற்கிறாள், அவளுக்கு எப்படி மாலை போடுவது? எடுத்துக் கடலில் விடலாம் என்றால் அவளையும் சேர்த்தல்லவா விடவேண்டும்? படையல் அன்று பையனுக்கு இலை போடுவாள், படத்துக்கு முன்னால் போடமாட்டாள். கடைசியில் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள். பக்ருதீன் அடித்த அட்டை முதுகுதான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படியே நாலு வருஷம் ஓடிற்று. புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவோடு சேர்க்கப்போகிற வருஷம். ஆவணிக்குள் சர்க்கார் கட்டடம் அத்தனையும் வெள்ளையடிக்கவேண்டும் என்று மேஸ்திரிகள் ஆளுக்குப் பறந்தார்கள். தணிகாசலத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் சுண்ணாம்பு தீர்ந்துபோக, மத்தியானமே வீட்டுக்குத் திரும்பினார். தெருமுனையில் ஆதிலட்சுமி வந்துகொண்டிருந்தாள். கையில் கால்படி எண்ணெய்க் கிண்ணம். நன்றாக நடந்துவந்தவள், புளியமரத்தடியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தலையை மரத்தில் சாய்த்துக்கொண்டாள்.

தணிகாசலம் வேகமாக நடையைப் போட்டார். கிட்டப் போனார். மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார். வாங்கவில்லை. உதட்டைப் பார்த்தார். வெற்றிலை போட்டதுபோலச் சிவந்து கிடந்தது.

"ஏன் குந்தினே?"

"அம்மா சொல்லிருக்குப்பா. கொஞ்ச தூரம் நடந்தா குந்தணும்னு."

"உனக்கு மூச்சு முட்டுதா?"

பெண் யோசித்தாள். "தெரியலப்பா" என்றாள். "தம்பிக்கு எப்பிடி இருந்திச்சு?"

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்குள் போய்ப் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினார். எங்கே என்று கேட்ட அஞ்சலாட்சியிடம், வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். கையை நீட்டித் தடுக்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து விலகிக்கொண்டாள்.

பக்ருதீன் கடையில் அப்போது கூட்டமில்லை. தணிகாசலம் படத்தைப் பலகையில் வைத்து, இரண்டாக அறுத்துக் கொடுங்கள், பெண்ணைத் தனியாக, பையனைத் தனியாக என்றார். பையனுக்கு மாலை போட்டுக்கொள்கிறோம், பெண்ணின் படத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறோம். வேறு வழி இல்லை.

பக்ருதீன் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை விலக்கிப் படத்தை வெளியில் எடுத்தார். கத்தியை எடுத்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா அறுக்கறது? கோடே இல்லியே. அதுங்கூடப் பரவால்ல, ஒருமாதிரியா நெளிச்சு அறுத்துடுவேன். அந்தக் கைய எந்தப் பக்கம் உடறது?"

தம்பி தலைமேல் அக்காள் கை. கையைப் பையன் பக்கம் விட்டால் பெண் கையில்லாமல் நிற்பாள். செத்தவன் தலையில் உயிருள்ளவள் கை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படத்துக்குத்தான் மாலை போடவேண்டியிருக்கும்.

பக்ருதீன் டீ சொல்லிவருகிறேன் என்று எழுந்து போனார். அந்த நேரத்தில்தான் தணிகாசலத்துக்கு அது தோன்றியது. அறுக்கமுடியாவிட்டால் போகிறது, பெண்ணின் மேலிருக்கிற நீலத்தையாவது எடுத்துவிடலாமே. சாக்குப்பொடிதானே. துண்டின் முனையை எச்சிலில் நனைத்து ஆதிலட்சுமியின் கழுத்தில் வைத்துத் தேய்த்தார்.

நீலம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பெரிதாயிற்று. துண்டை எடுத்துப் பார்த்தார். துண்டில் ஒட்டியிருந்தது மாநிறம். நீலம் ஒரு துளிகூட இல்லை. கழுத்து முழுக்க இப்போது நீலமாகிவிட்டது. கன்னத்தையும் தேய்த்தார். அங்கேயும் அப்படியே. பெண்ணின் பாதி முகம் போய்விட்டது.

டீயோடு வந்த பக்ருதீன் பதறிப்போய்த் துண்டைப் பிடுங்கினார். நீலத்தைத் துடைக்கிறேன் பாய், அது வளர்கிறது என்றார் இவர், காய்ச்சல்காரன் மாதிரி.

"எப்பிடிப் போவும்? காயிதமே நீலந்தானே. நாந்தானே அட்ட வச்சேன்."

பக்ருதீன் காகிதத்தைத் திருப்பிப் போட்டார். முதுகு முழுக்க ஒரே நீலம். சர்க்கரை மடிக்கிற தாள் மாதிரி. மதாம் நீலத் தாளின்மேல் மாநிறத்தை அங்கங்கே அப்பியிருக்கிறாள், நிழல் விழுந்த இடத்தில் அப்பாமல் விட்டிருக்கிறாள். விட்ட இடத்தில் தாள் தெரிகிறது. மரத்திலும் தெரிகிறது, சுவரிலும் தெரிகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஊரில் உள்ள சுவரையெல்லாம் சுரண்டிப் பார்க்கிற மனுஷன், இந்த ஒன்றை நாலு வருஷமாகச் சுரண்டிப் பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றார் பக்ருதீன். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

தணிகாசலம் டீயைக் குடித்தார். மார்பில் நாலு வருஷமாக உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. நீலம் நோயில்லை. மதாம் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. பையனுக்கும்கூட அவள் ஒன்றும் பார்க்கவில்லை, தாள்தான். எழுந்தவர், எப்போதும் சுவருக்குச் செய்கிறதுபோல, எதற்கும் இருக்கட்டும் என்று சின்னக்கண்ணுவின் உதட்டோரத்தில் மோதிரவிரலை லேசாக வைத்து எடுத்தார்.

விரலில் நீலம் ஒட்டியிருந்தது.

தாளின் நீலம் இல்லை அது. கருநாவல் நிறம். விரல் பட்ட இடத்தில் அடியில் செம்மண் நிறத்தில் உதடு தெரிந்தது. முதலில் மதாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறதுபோலப் போட்டிருக்கிறாள். பிறகு பையனை உற்றுப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, அதன்மேல் இந்த நீலத்தை வைத்திருக்கிறாள். அவனுக்கு மட்டும். உதட்டில். விரல் நுனிகளில்.

அவள் உதட்டைத் தட்டிக் காட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டு தரம் தட்டினாள். வயிற்றைத் தடவிக் காட்டியது இவர்தான்.

படத்தைக் கண்ணாடி போடாமல் சுருட்டிக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாசல் வெளிச்சத்தில் தாளைக் குப்புற விரித்தார். அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை வைக்கவில்லை. பிறகு ஒரு விரலால் தொட்டாள், அழுத்தித் தேய்த்தாள், விரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பி மகளின் துடைத்துப்போன முகத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப தம்பிக்கு?" என்றாள்.

தணிகாசலம் மோதிரவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

"அவனுக்கும் காயிதந்தான்."

"அவ பாக்கல?"

"பாக்கல."

"யாருக்குமே தெரியல."

"தெரியல."

அஞ்சலாட்சி தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆதிலட்சுமி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் கழித்து அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீராயி வீட்டுக்குப் போய் ஒரு கை புளி வாங்கிவா, ஓடு என்றாள். பெண்ணுக்கு விளங்கவில்லை. நடந்தாள். வேலியோரம் போனதும் கால் தானாக மடங்கியது.

"குந்தாதடி" என்றாள் தாய் உள்ளேயிருந்து. "ஓடு."

அவள் ஓடினாள். ஓட மறந்துபோன ஓட்டம்.

பக்ருதீன் மறுபடி சட்டம் போட்டுக் கொடுத்தார். படத்தை இந்தத் தடவை முகம் தெரிகிற மாதிரி மாட்டினார்கள். பாதி முகம் போன ஒரு பெண், அவள் காலடியில் குந்தியிருக்கும் ஒரு பையன். மாலை இல்லை, பொட்டு இல்லை. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆதிலட்சுமியை மறுபடி சேர்த்தார்கள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. அஞ்சலாட்சி காலையில் படத்தைத் துடைக்கும்போது பையனோடு இரண்டு வார்த்தை பேசுவாள். உனக்கும் ஒன்றும் இல்லையடா, காகிதம்தானாம் என்பாள். தணிகாசலம் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார்.

ஆவணிக்குள் ஊர் வெள்ளையடித்து முடிந்தது. அந்த வேலையில் அவரோடு இருந்தவர்களுக்கு ஒன்று மட்டும் புதிதாகப் பட்டது. சுவரைச் சுரண்டிப் பார்க்கிற பழக்கத்தை அவர் விட்டுவிட்டார். மேஸ்திரி சொன்னால் சொன்ன இடத்தில் மட்டையை வைத்தார், பூசினார், இறங்கினார்.